ஒரு இணையப் பக்கத்துக்கு எத்தனை நடை?

மூன்றாமாண்டு, கணிப்பொறித் துறை



சென்ற ஆண்டு மினி புராஜெக்ட்டுக்காக நானும் என் தோழிகள் இருவரும் ஒரு இணையப் பக்கம் செய்தோம். சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி என்று நம்ம பெரம்பலூர்ப் பக்கத்து விளைச்சல் மூன்றுக்கும் அன்றைய விலையைக் காட்டும் பக்கம் அது. மேலே வெங்காயப் பட்டறையின் பெரிய புகைப்படம். கீழே ஒரு வருடத்து விலைப் பட்டியல் முழுவதும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வேறொரு தளத்திலிருந்து ஒரு தமிழ் எழுத்துருவையும் வரவழைத்தோம். ஆய்வகத்தில் கிளிக் செய்த உடனே திறந்தது. வைவாவில் "நல்லா இருக்கே" என்றார்கள். மதிப்பெண்ணும் நல்லபடியாக வந்தது.

அந்த வாரக் கடைசியில் ரஞ்சன்குடிக்குப் போய் அப்பாவின் போனில் அதே பக்கத்தைத் திறந்தேன். எங்கள் வீடு கோட்டைக்குப் பின்பக்கம். போனில் ஒரே ஒரு கோடு சிக்னல். திரை வெள்ளையாகவே நின்றது.

"ஏம்மா, ஒண்ணுமே வரலையே?"

"கொஞ்சம் இருங்கப்பா, வந்துரும்."

வாசலில் வியாபாரியின் வண்டி நின்றுகொண்டிருந்தது. அப்பா ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். வியாபாரி சொன்ன விலைக்கே மூட்டைகள் ஏறின. யாருக்காகப் பக்கம் செய்தேனோ, அவருக்கே அது உதவவில்லை. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. தப்பு நான் எழுதிய பக்கத்தில்தான். ஆய்வகத்து லைனில் மட்டும் சோதித்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்தேன். அந்தத் தப்பிலிருந்து நான் படித்ததுதான் இக்கட்டுரை.

வேகம் வேறு, தாமதம் வேறு

"லைன் ஸ்லோ" என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒரு விநாடியில் எத்தனை பிட் வரும் என்பது ஒன்று. இதைப் பேண்ட்வித் என்கிறோம். நாம் கேட்டது போய்ச் சேர்ந்து பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது மற்றொன்று. இதற்கு லேட்டன்சி என்று பெயர். நான் தாமதம் என்றே எழுதுகிறேன்.

பெரம்பலூரிலிருந்து ரஞ்சன்குடி ஏறக்குறைய 17 கிலோமீட்டர். ஒரு பஸ்ஸுக்குப் பதில் இரண்டு பஸ் விட்டால் இரு மடங்கு ஆட்கள் வரலாம். ஆனால் நான் ஊர் வந்து சேரும் நேரம் குறையுமா? குறையாது. பேண்ட்வித்தைக் கூட்டினாலும் தாமதம் அப்படியே இருக்கலாம் என்பது இதுதான்.

இன்னொன்றும் பாருங்கள். அம்மா தம்பியைப் பெரம்பலூருக்கு அனுப்பிப் புளி வாங்கிவரச் சொல்கிறார். அவன் வந்ததும், "அடடா, பெருங்காயம் சொல்ல மறந்துட்டேனே" என்கிறார். மறுபடியும் ஒரு நடை. வந்ததும், "கடுகு?" இன்னொரு நடை. பை காலியாகத்தான் இருக்கிறது, பஸ்ஸிலும் இடம் இருக்கிறது, ஆனாலும் பொழுது போய்விட்டது. மோசமாக எழுதிய இணையப் பக்கம் செய்வது இதையேதான். இனிமேல் ஒரு கேள்வி போய் ஒரு பதில் வருவதை "ஒரு நடை" என்றே சொல்கிறேன்.

ஒரு நடைக்கு எவ்வளவு நேரம்?

கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சர்வர் 300 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தால் போய்வர 600 கிலோமீட்டர், அதாவது 3 மில்லி விநாடி. சர்வர் 14,000 கிலோமீட்டர் தள்ளி அமெரிக்காவில் இருந்தால், கேபிள் நேர்கோட்டில் போனாலும் 140 மில்லி விநாடிக்குக் குறையாது. எந்தப் பிளான் போட்டாலும் இந்த நேரத்தைக் குறைக்க முடியாது. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் போனால், கேள்வி ஏறி இறங்கி, பதிலும் ஏறி இறங்க வேண்டும். வெறும் பயணத்துக்கே சுமார் 477 மில்லி விநாடி ஆகிவிடும்.

கேபிள் அறுந்தால் தூரமும் கூடும். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது, இந்தியாவின் இணையப் போக்குவரத்தை வேறு வழிகளில் சுற்றி அனுப்ப வேண்டி வந்தது. வழி நீண்டால் நடையும் நீளும்.

செல்போனில் தூரத்தோடு ரேடியோ அலையின் பகுதியும் சேரும். பொதுவாக 2ஜி-யில் ஒரு நடைக்கு 300 முதல் 1000 மில்லி விநாடி, 3ஜி-யில் 100 முதல் 500, நல்ல 4ஜி-யில் 100-க்குள் என்று சொல்வார்கள். ஆனால் 4ஜி என்று எழுத்து காட்டினாலும் சிக்னல் ஒரு கோடுதான் என்றால் கதை வேறு. எங்கள் வீட்டிலிருந்து பிங் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவை 80 மில்லி விநாடி, ஒரு தடவை 600, சில தடவை பதிலே இல்லை.

நம் நாட்டில் பிராட்பேண்ட் என்று அழைக்கக் குறைந்தபட்ச வேகம் 2004-ல் 256 கிலோபிட், 2013-ல் 512 கிலோபிட், 2023-ல் 2 மெகாபிட் என்று உயர்ந்து வந்திருக்கிறது. இந்த எண்கள் எல்லாம் பேண்ட்வித்தைச் சொல்பவை. நடைக்கு ஆகும் நேரத்தை இவற்றை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதை நாமேதான் அளந்து பார்க்க வேண்டும்.

கோட்டையின் மூன்று சுற்று

எங்கள் ஊர்க் கோட்டை 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெவ்வேறு உயரத்தில் மூன்று அரண்கள். கீழே பேட்டை, உச்சியில் கோட்டை மேடு. மேட்டுக்குப் போக வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றாகத்தான் தாண்ட வேண்டும். இணையப் பக்கமும் அப்படியே.

முதல் சுற்று, டி.என்.எஸ். தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் எண் முகவரியைக் கேட்டு வாங்க ஒரு நடை. இரண்டாம் சுற்று, டி.சி.பி. "பேசலாமா?" "பேசலாம்" என்று கைகுலுக்க ஒரு நடை. மூன்றாம் சுற்று, டி.எல்.எஸ். ரகசியச் சாவியை ஒத்துக்கொள்ளும் வேலை. 2018-ல் வந்த 1.3 பதிப்பில் இதற்கு ஒரு நடை போதும், பழைய 1.2-ல் இரண்டு நடை. இவ்வளவுக்கும் பிறகுதான் நான்காவது நடையில் "பக்கத்தைக் கொடு" என்று கேட்கவே முடியும்.

கேட்டவுடன் சர்வர் எல்லாவற்றையும் கொட்டிவிடாது. லைன் தாங்குமா என்று தெரியாததால் டி.சி.பி. மெதுவாகத் தொடங்கும். 2013-ல் பரிந்துரைத்த கணக்குப்படி முதலில் 10 பாக்கெட், அதாவது சுமார் 14 கிலோபைட். அதற்கு ஒப்புகை வந்ததும் 20 பாக்கெட், பிறகு 40. எனவே 14 கிலோபைட்டுக்குள் அடங்கும் பக்கம் ஒரே நடையில் வந்துவிடும். 100 கிலோபைட் பக்கத்துக்கு மூன்று நடை வேண்டும்.

எங்கள் பக்கத்தின் கணக்கு

இப்போது எங்கள் பழைய பக்கத்தை எண்ணிப் பார்ப்போம்.

வாசல் மூன்றுக்கும்: 3 நடை.
100 கிலோபைட் பக்கத்துக்கு: 3 நடை.
அதற்குள் குறிப்பிட்ட ஸ்டைல் கோப்புக்கு: 1 நடை.
ஸ்டைல் கோப்பு கேட்ட எழுத்துரு வேறு தளத்தில் இருந்ததால், மறுபடி மூன்று வாசல், பிறகு கோப்பு: 4 நடை.
மொத்தம் 11 நடை.

ஆய்வகத்தில் ஒரு நடைக்கு 20 மில்லி விநாடி என்று வையுங்கள். 11 நடைக்கு 0.22 விநாடி. கண் சிமிட்டும் நேரம்! கோட்டைக்குப் பின்னால் ஒரு நடைக்கு 600 மில்லி விநாடி என்றால் 6.6 விநாடி. கோப்புகளின் எடைக்கு ஆகும் நேரம் இதில் சேரவில்லை.

அந்த எடையையும் பாருங்கள். பட்டறைப் புகைப்படம் 3 மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் அது 24,000 கிலோபிட். விநாடிக்கு 400 கிலோபிட் வரும் லைனில் 60 விநாடி! இதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. படமும் ஸ்டைல் கோப்பும் எழுத்துருவும் ஒரே நேரத்தில் ஒரே லைனில் வருகின்றன. ஒற்றையடிப் பாதையில் வெங்காய லாரி புகுந்தால் பின்னால் வரும் சைக்கிள் ஒதுங்க முடியுமா? ஸ்டைல் கோப்பு வராமல் உலாவி எதையும் வரையாது. எழுத்துருவுக்காகப் பெரும்பாலான உலாவிகள் மூன்று விநாடி வரை எழுத்தையே காட்டாமல் காத்திருக்கும். அப்பா பார்த்த வெள்ளைத் திரைக்குக் காரணம் இவைதான்.

தமிழ்ப் பக்கம் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். யு.டி.எஃப்.-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல் ஐந்து குறியீடு, எனவே 15 பைட். சர்வரில் ஜிசிப் சுருக்கத்தைப் போட்டுவிட்டால் இந்தக் கூடுதல் எடை பெரும்பாலும் கரைந்துவிடும். போட மறந்தால் நம் மொழிக்காரர்களுக்குத்தான் சுமை.

மேலூர் சொல்லும் பாடம்

மெதுவான லைனில் எதுவுமே செய்ய முடியாதா? முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2001-ல் மதுரை மாவட்டம் மேலூர் பகுதிக் கிராமங்களில் 'சாரி' என்ற திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி., என்-லாக் நிறுவனம், அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு ஆகியவை அதில் சேர்ந்திருந்தன. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம்தான் ஊருக்குள் இணையத்தைக் கொண்டுவந்தது. வேகம் எவ்வளவு தெரியுமா? விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட்! எங்கள் பட்டறைப் படம் 35 கிலோபிட்டில் வந்து முடிய 11 நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

ஆனாலும் அந்தக் கியாஸ்க்குகளில் வேலை நடந்தது. சான்றிதழுக்கான விண்ணப்பங்கள் தாலுகா அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் போயின. நோயாளியின் கண்ணை வெப்கேமராவில் படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், மருத்துவர் பதில் எழுதினார். கவனியுங்கள், மின்னஞ்சல் ஒரு முறை புறப்பட்டால் போதும். அது பத்து நிமிடம் கழித்துச் சேர்ந்தாலும் வேலை கெடாது. நாலு கோப்பு ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும் பக்கத்தைவிட இது மேல். லைனுக்குத் தக்கபடி வேலையை அமைத்தால் 35 கிலோபிட்டிலும் காரியம் ஆகும் என்பதை மேலூரிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

சோதிப்பது எப்படி?

இதற்குப் பணம் செலவில்லை. நம் ஆய்வகத்துக் கணிப்பொறியே போதும்.

1. உலாவியின் பிரேக். குரோம் உலாவியில் எஃப்-12 விசையை அழுத்தினால் டெவலப்பர் பகுதி திறக்கும். நெட்வொர்க் பகுதியில் லைனை மெதுவாக்கும் பட்டியல் இருக்கிறது, 3ஜி என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேஷை நிறுத்தும் கட்டத்தையும் டிக் செய்ய மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே சேமித்த கோப்புகளை எடுத்துக் காட்டி, பக்கம் வேகமாக இருப்பதுபோல் ஏமாற்றும். அங்கே ஒவ்வொரு கோப்பும் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று பட்டை பட்டையாகத் தெரியும். ஒன்று முடிந்த பிறகு இன்னொன்று தொடங்கும் படிக்கட்டு தெரிந்தால், அங்கேதான் நடைகள் வீணாகின்றன.

2. லினக்ஸில் நெட்எம். உலாவியின் பிரேக் உலாவிக்குள் மட்டும் வேலை செய்யும். பாக்கெட் தொலைவதை அது சரியாகக் காட்டாது. லினக்ஸில் டி.சி. என்ற கட்டளையோடு வரும் நெட்எம், ஒவ்வொரு பாக்கெட்டையும் பிடித்து நிறுத்தித் தாமதிக்கும். தாமதம், தாமதத்தின் ஏற்ற இறக்கம், நூற்றுக்கு இத்தனை பாக்கெட் தொலைய வேண்டும், வேகம் இவ்வளவுதான் என்று எல்லாவற்றையும் சொல்லலாம். இதில் நான் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. சர்வரும் உலாவியும் ஒரே கணிப்பொறியில் இருக்க, லூப்பேக் வழியில் 600 மில்லி விநாடி வைத்தேன். பிங் 1200 காட்டியது! போகும்போது 600, வரும்போது 600. ஒரு நடை 600 ஆக வேண்டுமானால் 300 வைக்க வேண்டும். சோதனை முடிந்ததும் அந்தத் தாமதத்தை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பேட்ச் மாணவர்கள் உங்களைத் திட்டுவார்கள்.

3. ஒரு முறை போதாது. ஒரே சோதனையைப் பத்துத் தடவையாவது செய்யுங்கள். எல்லாக் கோப்பும் வந்து முடியும் நேரத்தை மட்டும் குறிக்காதீர்கள். முதல் பைட் எப்போது வந்தது, படிக்கத்தக்க முதல் வரி எப்போது தெரிந்தது, பொத்தான் எப்போது வேலை செய்தது என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். அப்பாவுக்கு வேண்டியது விலை வரி தெரியும் நேரம். படம் முழுசாக வரும் நேரம் அவருக்கு எதற்கு?

4. பாதியில் லைனை அறுங்கள். படிவம் உள்ள பக்கமானால் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்திவிட்டு உடனே நெட்டை நிறுத்திப் பாருங்கள். எழுதியதெல்லாம் அழிந்து போகிறதா? பொறுமை இழந்து இரண்டு தடவை அழுத்தினால் இரண்டு பதிவு ஆகிறதா? கட்டணம் கட்டும் பக்கமானால் இது விளையாட்டல்ல.

5. இடத்துக்கே போங்கள். நான்கு சோதனையும் முடிந்த பிறகு, ஒரு பழைய போனை எடுத்துக்கொண்டு பக்கத்தைப் பயன்படுத்தப் போகிறவரின் வீட்டு வாசலில் நின்று திறந்து பாருங்கள். எல்லோரும் போன் பார்க்கும் சாயந்திர நேரத்தில் பாருங்கள்.

சராசரியை நம்பாதீர்கள்

யூடியூபில் நடந்த ஒரு விஷயம். கிறிஸ் சக்கரியாஸ் என்ற பொறியாளர் 2012-ல் இதை எழுதினார். வீடியோப் பக்கத்தின் எடை 1.2 மெகாபைட்டாக இருந்ததை அவர் 100 கிலோபைட்டுக்குள் குறைத்தார். அதற்கு இறகு என்ற பொருளில் 'ஃபெதர்' என்று பெயர். வெளியிட்டுப் பார்த்தால் சராசரி நேரம் குறைவதற்குப் பதில் கூடியிருந்தது! வேலை வீண் என்று நினைக்கும்போதுதான் காரணம் தெரிந்தது. தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா போன்ற இடங்களிலிருந்து புதிதாக ஆட்கள் வந்திருந்தார்கள். பழைய பக்கம் அவர்களுக்குத் திறக்க 20 நிமிடம் ஆகும் என்பதால் அவர்கள் அதுவரை வரவே இல்லை. புதிய பக்கம் இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தாலும் அவர்களால் வீடியோ பார்க்க முடிந்தது.

இதை வாசித்தபோது எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. திறக்காமல் போனைப் பையில் போட்டவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. எங்கள் சர்வர் பதிவேட்டைப் பார்த்தால் எல்லோருக்கும் வேகமாகவே திறந்தது போலத் தெரியும். அதனால்தான் சராசரியோடு நிற்காமல், மிக மெதுவாகத் திறந்த தடவைகளையும், பாதியில் விட்டுப் போனவர்களையும் எண்ண வேண்டும்.

நாங்கள் திருத்தியது

வெளி எழுத்துருவை எடுத்துவிட்டோம். இப்போதைய போன்களிலேயே தமிழ் எழுத்துரு இருக்கிறது. 4 நடை மிச்சம். ஸ்டைல் வரிகள் கொஞ்சம்தான் என்பதால் பக்கத்துக்குள்ளேயே எழுதிவிட்டோம். 1 நடை மிச்சம். ஒரு வருடப் பட்டியலை வேறு பக்கத்துக்கு மாற்றி, இன்றைய விலையை மட்டும் முதலில் வைத்தோம். சுருக்கிய பிறகு பக்கம் 14 கிலோபைட்டுக்குள் வந்தது. 2 நடை மிச்சம். ஆக 11 நடை 4 நடையானது. 600 மில்லி விநாடி லைனிலும் 2.4 விநாடி. 14 கிலோபைட்டின் எடைக்கு 400 கிலோபிட் லைனில் 0.28 விநாடி. மொத்தம் மூன்று விநாடிக்குள் விலை தெரிந்துவிடும். பட்டறைப் படத்தை 60 கிலோபைட்டாகச் சுருக்கிக் கடைசியில் வைத்தோம். வேண்டுகிறவர்கள் கீழே போனால் மட்டும் அது வரும்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அம்மா மளிகைச் சீட்டை ஒரே தாளில் எழுதிக் கொடுத்த மாதிரிதான்!

முடிவுரை

மறுபடி ஊருக்குப் போனபோது அதே இடத்தில், அதே ஒரு கோடு சிக்னலில் அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். விலை வந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"நேத்து என்ன விலைன்னு தெரியலையேம்மா. ஏறுதா இறங்குதான்னு பாக்க வேணாமா?" என்றார்.

திறந்த பக்கத்தில்தானே குறை சொல்ல முடியும்! அன்றிரவே கடைசி ஏழு நாள் விலையையும் சேர்த்தேன். அப்போதும் 14 கிலோபைட்டைத் தாண்டவில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் டிப்ளமோ முடித்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போவோம். விண்ணப்பப் பக்கம், கட்டணப் பக்கம், தேர்வு முடிவுப் பக்கம் என்று எதையாவது எழுதப் போகிறோம். அங்கே நம் மேசையில் லைன் நன்றாகவே இருக்கும். பக்கம் உடனே திறக்கும். அப்போது ஊரில் ஒரு கோடு சிக்னலோடு காத்திருக்கும் நம்ம ஆட்களை நினைத்து, ஒரு நடைக்கு 600 மில்லி விநாடி வைத்து ஒரு தடவை திறந்து பாருங்கள். அந்தப் பழக்கத்தை இந்த ஆண்டு புராஜெக்ட்டிலேயே தொடங்கலாமே. நெட்எம் போட்டுப் பார்க்க யாருக்காவது உதவி வேண்டுமானால், மாலை நாலரைக்குப் பிறகு ஆய்வகத்தில் இருப்பேன், வாருங்கள்.